கேள்வி நேரம்: லயத்துக்கு வந்த யுத்தம்

பழைய பீகொக் தோட்டத்தில் இருக்கும் தொழிலாளர் அருங்காட்சியகத்தைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியிருந்தன. இரண்டாம் உலக யுத்த காலத்தில் மலையகம் எப்படி இருந்தது, அதைப் பிள்ளைகளுக்கு எங்கே கூட்டிப்போய்க் காட்டுவது? ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கே: பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளை யுத்த அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கூட்டிப்போக வேண்டும். மலையகத்தில் அப்படி ஏதும் உண்டா? (ஆசிரியை, ஹட்டன்)

ப: பீரங்கியும் விமானமும் பார்க்க வேண்டுமென்றால் மலையிறங்க வேண்டும். திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் இராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கேயே கடற்படைத் தளத்துக்குள் ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகம் இருக்கிறது. இரத்மலானையில் விமானப்படையின் அருங்காட்சியகம். மூன்றும் பார்க்கத்தக்கவை.

ஆனால் முதலில் கம்பளைப் பக்கம் போங்கள் என்பேன். பழைய பீகொக் தோட்டத்தில், பழைய லயன் வீட்டு வரிசை ஒன்றைச் சீர்செய்து, கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. முன்னின்று செய்தவர் பெ. முத்துலிங்கம். அங்கே துப்பாக்கியை எதிர்பார்க்காதீர்கள். யுத்த காலத்தில் உங்கள் மாணவர்களின் பூட்டன் பூட்டி எந்த அறையில் படுத்து எந்த அடுப்பில் சமைத்தார்கள் என்பது அங்கே தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் திருகோணமலைக்குப் போகிற பிள்ளை, பீரங்கியைப் பார்த்ததும் சரியான கேள்வி கேட்கும்.

கே: துப்பாக்கியே இல்லாத இடம் எப்படி யுத்தத்தைக் காட்டும்? (வாசகர், நாவலப்பிட்டி)

ப: அரிசியைக் காட்டினால் போதும். யுத்தத்துக்கு முன் இலங்கை தான் தின்ற அரிசியில் பெரும்பகுதியை வெளியே வாங்கியது. அதிலும் பர்மாதான் பெரிய களஞ்சியம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசிக் கப்பல் நின்றது. அந்த ஆண்டே இங்கே அரிசி பங்கீட்டுக்கு வந்தது.

தோட்டத்துச் சனங்களுக்கு வயல் கிடையாது. கொல்லையில் நட்ட நாலு கீரைச் செடியைத் தவிரச் சொந்த விளைச்சல் கிடையாது. கணக்கப்பிள்ளை அளந்து கொடுக்கும் அரிசிதான் உலை. எனவே ரங்கூன் விழுந்த சத்தம் கொழும்புப் பெரிய வீடுகளுக்குக் கேட்கும் முன்பே பொகவந்தலாவை லயத்து அடுப்பில் கேட்டது. கூப்பன் புத்தகம் என்ற ஒன்று நம் வீட்டு றங்குப்பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தது அப்போதுதான். யுத்தம் 1945இல் முடிந்தும் கூப்பன் போகவில்லை. 1953இல் கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றப்பட்டபோது நாடே ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் கொந்தளித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். யுத்தத்தில் முளைத்த ஒரு சிறு புத்தகம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பாருங்கள்.

கே: நாம் ரொட்டி தின்னப் பழகியதும் அப்போதுதானா? (குடும்பத் தலைவி, கொட்டகலை)

ப: கோதுமை மா அதற்கு முன்பும் இருந்தது. பண்டத்துக்கும் பலகாரத்துக்கும் வாங்கினார்கள். சோற்றுக்குப் பதிலாக, வேளைச் சாப்பாடாக அது லயத்து அடுப்பில் குடியேறியது அரிசி குறைந்த அந்த ஆண்டுகளில்தான். மாவைத் தண்ணீரும் உப்பும் விட்டுப் பிசைந்து, கிடைத்தால் தேங்காய்ப்பூ போட்டு, உள்ளங்கை கனத்துக்குத் தட்டி, தகட்டில் போட்டு இரண்டு பக்கமும் கருகல் விழ வேகவைத்தால் ஒரு ரொட்டி. ஒன்று தின்றால் பத்து மணிவரை பசிக்காது. மலையேறிக் கொழுந்தெடுக்கிற பெண்ணுக்கு அதுதான் வேண்டும். குழம்பு வேண்டாம், ஒரு சம்பல் போதும். கட்டிக்கொண்டு போனால் சோறு போலச் சிந்தாது. இத்தனை வசதி இருந்ததால் தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அது போகவில்லை.

உங்கள் மாமியார் ரொட்டி தட்டும்போது ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். 1942 பற்றி நம்மிடம் மிச்சமிருக்கும் செயல்முறைப் பாடம் அதுதான்.

கே: தேயிலைக்கும் சண்டைக்கும் என்ன தொடர்பு? குடிக்கிற பொருள்தானே! (மாணவன், தலவாக்கலை)

ப: கணக்குப் பாடமாகவே சொல்கிறேன், தம்பி. 1940 ஜூலையில் பிரித்தானியாவில் தேயிலைக்குப் பங்கீடு வந்தது. ஓர் ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 57 கிராம். அந்தப் பங்கீடு 1952 வரை நீடித்தது. குண்டு விழுகிற ஊரில் இரவெல்லாம் விழித்திருந்தவர்களையும் தொழிற்சாலையில் இரட்டை முறை வேலை பார்த்தவர்களையும் தாங்கிப் பிடித்த பொருள்களில் ஒன்று தேத்தண்ணீர். அதனால் அந்நாட்டு உணவு அமைச்சே இலங்கைத் தேயிலையை ஒப்பந்த விலைக்கு மொத்தமாக எடுத்துக்கொண்டது. கொழும்பு ஏலம் நின்றது.

இப்போது கணக்கு. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அப்படியானால் 57 கிராமுக்குக் கால் கிலோ கொழுந்து. இன்று ஒரு பெண் முழுநாள் பேர் போடப் பதினெட்டுக் கிலோ கேட்கிற தோட்டங்கள் இருக்கின்றன. அந்த அளவில் வைத்துப் பார்த்தால், ஒருத்தியின் ஒரு நாள் கூடை லண்டனில் எழுபது பேரின் ஒரு வாரப் பங்கு. அவளுக்கு யாரும் பதக்கம் குத்தவில்லை. வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதச் சொல்லி உன் ஆசிரியரிடம் கேள்.

கே: இறப்பர்த் தோட்டங்கள்? (வாசகர், யட்டியாந்தோட்டை)

ப: மலாயாவும் ஜாவாவும் விழுந்த பிறகு நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் கொடுக்க மிஞ்சிய முக்கியமான இடம் இலங்கை. லொறிச் சக்கரம் முதல் விமானச் சக்கரம் வரை அதில்தான் ஓடியது. மரம் செத்தாலும் பரவாயில்லை, பால் வரட்டும் என்று மரத்தைச் சுற்றிச் சுற்றி வெட்டினார்கள். உங்கள் கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர்க் காடுகளில் அந்த வெட்டு வெட்டிய கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். தேயிலைக்காவது இன்று அந்தானையில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பால் வெட்டியவர்களின் கதையைச் சொல்ல உங்கள் ஊரிலிருந்துதான் யாராவது தொடங்க வேண்டும்.

கே: ஜப்பான்காரன் நுவரெலியாவில் குண்டு போட்டானா? என் தாத்தா போட்டான் என்கிறார். (வாசகர், இராகலை)

ப: போடவில்லை. குண்டு விழுந்தது 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில்; ஏப்ரல் 9 அன்று திருகோணமலையில். அன்றே ஹேர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தார்கள். கொழும்புத் தாக்குதலுக்கு முதல்நாள், ஏப்ரல் 4 அன்று, கனடா நாட்டு விமானி லெனார்ட் பிர்ச்சல் ஜப்பானியக் கப்பல்படை வருவதைக் கடலில் கண்டு தகவல் அனுப்பியிருந்தார். அவருடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்திச் சிறைபிடித்தார்கள். அந்தத் தகவல் வந்திராவிட்டால் சேதம் இன்னும் கூடியிருக்கும்.

தாத்தாவோடு சண்டை பிடிக்காதீர்கள். குண்டுக்குப் பயந்து கொழும்புக்காரர்கள் மூட்டை முடிச்சோடு மலைக்கு ஏறியதை அவர் பார்த்திருக்கலாம். பாடசாலைகளே இடம்பெயர்ந்தன. கல்கிசை சென். தோமஸ் கல்லூரியின் ஒரு கிளை 1942இல் வெலிமடைக்கு அருகே குருத்தலாவையில் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. தாத்தாவிடம் "குண்டு எங்கே விழுந்தது" என்று கேட்காமல் "யார் யார் வந்தார்கள்" என்று கேட்டுப் பாருங்கள். புதிய விஷயம் வரும்.

கே: துரைமார் சண்டைக்குப் போனார்களாமே? (ஓய்வுபெற்ற கிளார்க், டிக்கோயா)

ப: போனார்கள், முதல் உலக யுத்தத்திலேயே. இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை என்று 1900இல் தொடங்கிய தொண்டர் படை ஒன்று இருந்தது, தலைமையகம் கண்டி. ஐரோப்பியர்கள் மட்டும் சேரலாம். 1914 ஒக்டோபரில் 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் மேஜர் ஹோல் பிரவுண் தலைமையில் கப்பலேறினார்கள். எகிப்தில் காவல் நின்றுவிட்டுக் கலிப்பொலிக்குப் போனார்கள். அங்கே ஜெனரல் பேர்ட்வூட்டுக்கு மெய்க்காவல். நேற்றுவரை பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்ட சின்னத்துரை, ஆறு மாதத்தில் துருக்கிக் கரையில் குண்டுக்கு நடுவே நின்றார். பலர் திரும்பவில்லை. அவர்களுடைய சாவையும் மதிக்க வேண்டும்.

ஆனால் துரை போன பிறகு மலையில் கொழுந்து நின்றுவிட்டதா? ஸ்டோர் நின்றதா? பெரிய கங்காணி முதல் முள்ளுக்குத்துகிற ஆள்வரை வழக்கம்போல விடியலில் பிரட்டுக்குப் போனார்கள். உயிர்கொடுத்தவர் பெயர் பித்தளையில் இருக்கட்டும். உழைத்துக் கொடுத்தவர் பெயர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. பழைய செக்ரோல்களை எரிக்கிற, எடைக்குப் போடுகிற தோட்டங்கள் இன்றும் உள்ளன. நீங்கள் ஒப்பிசில் இருந்தவர். அவற்றின் அருமை உங்களுக்குத் தெரியும். உங்கள் சொல் எடுபடும் இடத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கே: யுத்த காலத்தில் இந்தியாவுக்குப் போய் வர முடிந்ததா? (வாசகி, மஸ்கெலியா)

ப: சண்டை தொடங்குமுன்பே கதவு சாத்தப்பட்டது. இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் இருந்த இந்திய நாட்கூலிகளை 1939இல் நீக்கத் தொடங்கியது. நேரு ஜூலையில் வந்து பேசிப் பார்த்தார்; பலிக்கவில்லை. அந்த வருகையின்போதுதான் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. ஓகஸ்ட் 1 முதல், பயிற்சியில்லாத் தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதை இந்திய அரசு தடைசெய்தது. ஊரில் தாய் செத்தால்கூடப் போனால் திரும்ப முடியுமா என்ற பயம் அதோடு வந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே இருந்தது சிறு கடல்தான். அதைத் தாண்டுவது பெரும்பாடாகிவிட்டது.

கே: கித்துல்கலவில் "குவாய் ஆற்றுப் பாலம்" எடுத்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். பாலம் இல்லை, கொங்கிறீட் அடித்தளம்தான் இருக்கிறது. பார்க்க என்ன இருக்கிறது? (இளைஞர் மன்றம், கினிகத்தேனை)

ப: இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

டேவிட் லீன் இயக்கிய படம், 1957இல் வெளிவந்தது. களனி கங்கைக்குக் குறுக்கே உண்மையாகவே ஒரு மரப்பாலம் கட்டி, அதை உண்மையாகவே வெடிவைத்துத் தகர்த்துப் படமெடுத்தார்கள். ஏழு ஒஸ்கார் வாங்கியது. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் பாதையில் நீங்கள் நின்ற இடம் அதுதான்.

படம் சொல்லும் கதை சயாம் பர்மா ரயில்பாதை. தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீற்றர். 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபருக்குள் முடித்தார்கள், அத்தனையும் காட்டுக்குள்ளே. படத்தில் நீங்கள் பார்ப்பது வெள்ளைக்காரக் கைதிகளை. அவர்கள் பட்டதும் பொய்யில்லை. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் அங்கே செத்தார்கள்.

ஆனால் அந்தப் பாதையில் வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பான்மை ஆசியத் தொழிலாளர்கள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர். கூடவே மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். நம்மைப் போலவே கங்காணி வழியாகக் கடல் கடந்தவர்கள், நம்மைப் போலவே லயத்தில் வாழ்ந்தவர்கள். நல்ல கூலி, சில மாத வேலை என்று சொல்லி ஏற்றினார்கள். வர மறுத்தவரைப் பிடித்து ஏற்றினார்கள். கொலரா, மலேரியா, காலில் அழுகும் புண். கைதிகளிடையே தங்கள் படை வைத்தியர்களாவது இருந்தார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அதுவும் இல்லை. செத்த ஆசியத் தொழிலாளர் தொண்ணூறாயிரம் வரை என்று மதிப்பிடுகிறார்கள்.

தாய்லாந்தின் காஞ்சனபுரி ஒரு சிறிய ஊர். அங்கே ஏறக்குறைய ஏழாயிரம் நேசநாட்டுப் போர்வீரர்களின் கல்லறைகள், ஒவ்வொன்றுக்கும் பலகை, புல்வெட்டிப் பூச்செடி நட்டுப் பராமரிக்கப்படுகின்றன. அதற்குப் பக்கத்திலேயே 2003இல் திறந்த தாய்லாந்து பர்மா ரயில்வே மைய அருங்காட்சியகம் இருக்கிறது. ஆசியத் தொழிலாளரின் பங்கையும் அது சொல்கிறது. ஆனால் செத்த தமிழனுக்குத் தனித் தனிக் கல்லறை இல்லை. எங்கே குழி தோண்டினார்களோ அங்கேயே விட்டார்கள்.

உலகமே பார்த்த அந்தப் படத்தை ஹட்டன் பாதையில், தேயிலை மலைக்குக் கீழே எடுத்தார்கள். அதில் தோட்டத்துத் தமிழன் இல்லை. நீங்கள் பார்த்த வெறும் கொங்கிறீட்டில் பார்க்க வேண்டியது இந்த இல்லாமையைத்தான். அடுத்த முறை மன்றத்தின் தம்பிமாரைக் கூட்டிப்போய், அந்தக் கரையில் உட்கார்த்திவைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கே: யுத்தத்தில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி தூக்கினார்களா? (மாணவி, பூண்டுலோயா)

ப: மலாயாவில் தூக்கினார்கள். சுபாஷ் சந்திர போஸ் 1943இல் அமைத்த ஜான்சி ராணிப் படைப்பிரிவில் சேர்ந்தவர்களில் இறப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஏராளம். தலைமை தாங்கியவர் வைத்தியர் லட்சுமி சுவாமிநாதன். இந்திய தேசிய இராணுவத்துக்கு மணிப்பூரில் மொய்ராங் என்ற சிற்றூரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1944 ஏப்ரல் 14 அன்று அப்படை மூவர்ணக் கொடி ஏற்றிய ஊர் அது. ஒரே கடல் கடந்த சனம். ஒரு பகுதி ஜப்பானியரிடம் அகப்பட்டது, ஒரு பகுதி பிரித்தானியருக்குத் தேயிலை பறித்தது.

கே: தியத்தலாவையில் போர்க்கைதிகள் இருந்தார்களா? (வாசகர், ஹப்புத்தளை)

ப: ஒருமுறை அல்ல. 1900இல் தென்னாபிரிக்காவிலிருந்து போயர் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். இலங்கைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய ஐயாயிரம், பெரிய முகாம் உங்கள் தியத்தலாவை. இரண்டு உலக யுத்தங்களிலும் ஜெர்மானியரை அங்கே அடைத்தார்கள். பௌத்த பிக்குவான ஞானதிலோகர் ஜெர்மன்காரர் என்பதற்காக இரண்டு முறையும் அடைபட்டார். அவருடைய சீடர் ஞானபோனிகர் இரண்டாம் யுத்தத்தில் அவரோடு இருந்து, பிறகு இருவரும் டேராடூன் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். கம்பிவேலிக்குள்ளும் பாளி நூல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார் ஞானபோனிகர்.

கே: மவுண்ட்பேட்டன் மலையகத்தில் இருந்தாரா? (வாசகர், கண்டி)

ப: இருந்தார். 1944 ஏப்ரலில் அவருடைய தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. பர்மாப் போர் அங்கிருந்துதான் நடத்தப்பட்டது. இப்போது நாம் அங்கே ஓர்க்கிட் பார்க்கப் போகிறோம்.

கே: யுத்த நேரத்தில் வேலைநிறுத்தம் செய்தது தேசத்துரோகம் இல்லையா? (வாசகர், நுவரெலியா)

ப: இல்லை. யுத்தம் தொடங்கியதும் விலை ஏறியது, கூலி ஏறவில்லை. ஏவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நின்றார்கள். 1940 ஜனவரி 10 அன்று பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் செத்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் தியாகி என்று நாம் வணங்குவது அவரைத்தான். அந்த ஆண்டு தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவிய பிறகுதான், ஜூலையில் துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச ஒப்பந்தத்துக்கு வந்தது.

அதே ஆண்டு சமசமாஜக் கட்சித் தலைவர்களைப் பிடித்துக் கண்டி போகம்பரையில் அடைத்தார்கள். 1942இல் கொழும்பில் குண்டு விழுந்த சில நாட்களிலேயே என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்த்தன, எட்மண்ட் சமரக்கொடி நால்வரும் சிறையிலிருந்து தப்பி, பிறகு இந்தியாவுக்குப் போனார்கள். யுத்த அருங்காட்சியகம் என்றால் கோவிந்தனும் அதில் இருக்க வேண்டும். ஜப்பானிய விமானம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே மலையகத்தில் தோட்டா பாய்ந்துவிட்டது.

கே: இவ்வளவு உழைத்தவர்களுக்கு யுத்தம் முடிந்ததும் என்ன கொடுத்தார்கள்? (வாசகி, அக்கரப்பத்தனை)

ப: யுத்தம் முடிந்தது 1945. நம் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது 1948. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, ஒன்றரை இலட்சம் பேர் பிறகு பார்க்கலாம் என்று பங்கு போட்டார்கள். இதைக் காட்டாமல் மலையகத்தின் யுத்தகாலக் கதையை 1945இல் முடித்துவைக்கிற எந்தக் காட்சியும் அரைக்காட்சிதான்.

கே: உலக யுத்தத்தையே பேசுகிறீர்கள். நம் கண்முன் நடந்த யுத்தம்? (ஆசிரியர், பண்டாரவளை)

ப: சரியான கேள்வி. 1977இலும் 1983இலும் இனக்கலவரங்களில் வீடிழந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள் 2009வரை அங்கேயே அகப்பட்டன. கொழும்புக்கு வேலைக்குப் போன தோட்டத்துப் பையன்கள், கையில் அடையாள அட்டை இல்லாததற்கே உள்ளே போனார்கள். 2000 ஒக்டோபரில் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அரசின் பொறுப்பில் இருந்த தமிழ் இளைஞர்கள் இருபத்தைந்து பேருக்கு மேல் கும்பலால் கொல்லப்பட்டார்கள். இவற்றைச் சொல்லும் காட்சி வேண்டும். இறந்தவர்களின் வீட்டார் சம்மதத்தோடு, அவர்கள் சொல்கிறபடி செய்ய வேண்டும். 1942ஐ நிதானமாகப் பதிந்துவைக்கப் பழகுகிற சமூகம் இதையும் செய்யும்.

கே: லயத்து அறையில் பார்க்க என்ன இருக்கிறது? நாங்களே அதில்தான் வாழ்கிறோம்! (வாசகர், லிந்துலை)

ப: அதனால்தான் பார்க்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பழைய அறையின் அளவு. ஒரு நாடாவைக் கொண்டுபோய் அளந்து பாருங்கள். முன்னே ஓர் இஸ்தோப்பு, ஒரு வாசல். இரட்டை லயன் என்றால் முதுகுக்கு முதுகு இன்னொரு குடும்பம். பின்பக்கம் காற்று கிடையாது. கூரைத் தகரத்தை நிமிர்ந்து பாருங்கள். அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் கரி, வாசலை நோக்கி வர வர மெலியும். குழந்தையை எங்கே தொட்டில் கட்டினார்கள், மாமியார் எங்கே படுத்தார், புதுசாகக் கல்யாணமானவர்கள் எங்கே படுத்தார்கள் என்று யோசியுங்கள். அந்த அறைக்குள்தான் பங்கீட்டு அரிசியையும் மாவையும் எலிக்குத் தப்பவைத்து ஏழு நாள் ஓட்டினார்கள். வாழ்கிற இடத்தில் நாம் புகையைத் துடைப்போம். அருங்காட்சியகத்தில் அதைப் படிக்கலாம்.

கே: பிள்ளைகளுக்கு அருங்காட்சியகம் அலுப்பாக இருக்கிறதே? (தாய், வட்டவளை)

ப: எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு பொருளைத் தெரிந்தெடுத்து, அதை வைத்திருந்தவரைப் பற்றி வீட்டுக்கு வந்து கதை சொல்லச் சொல்லுங்கள்.

கே: அப்பாயியோடு 1970களில் இந்தியா வந்து கோத்தகிரியில் குடியேறினோம். அவருடைய றங்குப்பெட்டியில் இலங்கைக் கூப்பன் புத்தகமும் ஒரு தோட்டத்துச் சீட்டும் இருக்கின்றன. பழைய பொருள் வாங்குபவர் விலை கேட்கிறார். (வாசகர், நீலகிரி)

ப: விற்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் நீலகிரியில், தாயகம் திரும்பியவர்களுக்காகத் தொடங்கிய டான்டீ தோட்டங்களின் லயன்களில் இப்படி எத்தனை பெட்டிகள் இருக்கும்! மலையகத்தின் ஆவணக் காப்பகத்தில் பாதி உங்கள் மலையில்தான் கிடக்கிறது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டாதீர்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம். சில வருஷத்தில் அது மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். மடிப்பை வலுவில் விரிக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில், பிளாஷ் இல்லாமல் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுங்கள். பிறகு சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து, சுவரோரம் ஒட்டாமல் உயரத்தில் வையுங்கள். நம் இரு மலைகளுக்கும் பொதுவான எதிரி பனிமூட்டத்து ஈரம். மூன்று மாதத்துக்கொருமுறை திறந்து காற்றுப் படவிடுங்கள். புத்தகத்தில் எதுவும் எழுதாதீர்கள். தனித் தாளில், பென்சிலால், அப்பாயியின் பெயர், தோட்டம், டிவிஷன், எந்த வருஷத்துப் பொருள் என்று எழுதி உள்ளே வையுங்கள். இந்த நான்கும் இல்லாத பழைய பொருள் வெறும் பழைய பொருள்தான். கொடுக்க மனம் வந்தால் பழைய பீகொக்குக்கு எழுதுங்கள். மனமில்லையென்றால் படங்களையாவது அனுப்புங்கள்.

கே: எங்கள் லயத்தில் தொண்ணூறைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். யுத்தத்தைப் பற்றிக் கேட்டால் "எனக்கு என்ன தெரியும்" என்கிறார். (இளம் வாசகி, நோர்வூட்)

ப: யுத்தத்தைப் பற்றிக் கேட்காதே, தங்கச்சி. 1942இல் அவர் சின்னப் பிள்ளை. மா எங்கே வாங்கினீங்க, யார் அளந்தாங்க, வரிசையில் யார் நின்றது, சீனி இல்லாம தேத்தண்ணி எப்படிக் குடிச்சீங்க, துணி எத்தனை, தீபாவளிக்கு என்ன சுட்டீங்க என்று கேள். கைபேசியில் பதிவு போட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இரு. அவர் சொல்லும் ஊர்ப் பெயர், தோட்டப் பெயர், கங்காணி பெயர் எல்லாவற்றையும் அன்றிரவே எழுதிவை. அவருக்குச் சம்மதமென்றால் ஒரு பிரதியை எங்களுக்கும் அனுப்பு. அடுத்த விடுமுறைவரை தள்ளிப்போடாதே. இந்த ஞாயிற்றுக்கிழமையே போ.